கோட்டையைக் காப்பது வேறு, மதரஸாவைக் காப்பது வேறு

(செஞ்சியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தங்கி ஓதும் மதரஸாக்கள், அதாவது நாம் அரபுக் கல்லூரி என்று அழைக்கும் நிறுவனங்கள், காலமாற்றத்துக்கு நடுவே தம் மரபு அடையாளத்தைக் காத்துக்கொள்வது எப்படி? இதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. நான் கிதாபு, அதாவது அரபு மார்க்க நூல், ஓதியவன் அல்லன், தமிழ் படித்தவன். ஆகவே மார்க்கச் சட்டம் பேச வரவில்லை. ஒரு கல்வி மரபு எப்படி வாழ்ந்தது, இனி எப்படி வாழும் என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இந்தக் கேள்வியைச் செஞ்சியில் கேட்பது பொருத்தம். காப்பது என்றால் என்னவென்று இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளை மதிலால் கோத்த கோட்டை உங்களுடையது. 2025 ஜூலையில் மராத்தியப் படைத்தளங்கள் என்ற வரிசையில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி ஒன்றே. இப்படிக் காக்கப்படும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழக்கூடாது என்பது சட்டம். அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். அங்கே காப்பது என்றால் மாறவிடாமல் நிறுத்திவைப்பது. கல்லுக்கு அது சரியான வழி.

மதரஸா கல்லால் ஆனதல்ல. ஒவ்வோர் ஆண்டும் ஷவ்வால் மாதத்தில் அதன் வாசலுக்குப் புதுப் பிள்ளைகள் பெட்டியோடு வந்து நிற்கிறார்கள். அவர்கள் பிறந்த காலம் வேறு, அவர்கள் திரும்பிப் போகப்போகும் ஊர் வேறு. நம்மில் ஒரு சாரார் மதரஸாவைக் கோட்டையைப் போலவே காக்க நினைக்கிறார்கள்: ஒரு நூலைக்கூட மாற்றாதே, ஒரு பாடத்தைக்கூடச் சேர்க்காதே என்கிறார்கள். இன்னொரு சாரார், இதையெல்லாம் மூடிவிட்டு ஆங்கிலப் பள்ளிக்கூடமாக ஆக்கிவிட்டால் முன்னேறிவிடலாம் என்கிறார்கள். இரு சாராரும் எதிரெதிராக நின்றாலும் ஒன்றையே நம்புகிறார்கள்: மதரஸாவின் அடையாளம் அதன் பாடநூல் பட்டியலில் இருக்கிறது என்று. நான் அப்படி நம்பவில்லை. பட்டியல் எப்போதும் மாறியே வந்திருக்கிறது. மாறாமல் வந்தவை வேறு. அவற்றைக் காட்டுவதுதான் இன்று என் வேலை.

முதலில் வரலாற்றிலிருந்து தொடங்குவோம். 1714இல் செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜனும் அவன் தோழன் மகபத்கானும் விழுந்த போரை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணப் பந்தலை விட்டு எழுந்து நண்பனுக்காகப் போருக்குப் போனான் மகபத்கான் என்று பாடும் கதைப்பாடல் உங்களுடையதுதான். அந்தப் போரில் வென்றவர் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான். கோட்டைக்குள் இன்றும் நிற்கும் அவர் பெயர் கொண்ட பள்ளிவாசல் 1717-18இல் எழுந்தது. அதில் பாரசீகக் கல்வெட்டு இருக்கிறது. மகபத்கான் ஒரு பக்கம், நவாப் மறுபக்கம். ஆக இந்த ஊர்ப் போரில் இரு பக்கமும் முஸ்லிம்கள் நின்றார்கள். மதத்தை வைத்து ஊரைப் பிரித்துப் பார்க்கிறவர்களுக்குச் செஞ்சியிடம் நல்ல பதில் உண்டு.

நவாபுகளின் அதிகாரம் ஆற்காட்டில் வேரூன்றி, பிறகு சென்னைக்குப் பெயர்ந்தது. கல்வியும் அதோடு பெயர்ந்தது. நவாப் முகம்மது அலி வாலாஜா, லக்னோவின் ஃபிரங்கி மஹல் என்னும் கல்விக் குடும்பத்தைச் சேர்ந்த மௌலானா அப்துல் அலியைச் சென்னைக்கு வரவழைத்து மதரஸா அமைத்துக் கொடுத்தார். பஹ்ருல் உலூம், கல்விக் கடல், என்று புகழ்பெற்ற அவர் 1810இல் சென்னையிலேயே காலமானார். திருவல்லிக்கேணியில் வாலாஜா பள்ளிவாசலில் அடங்கியிருக்கிறார். அவருடைய தந்தைதான் முல்லா நிஜாமுத்தீன். இந்திய மதரஸாக்களில் பெரும்பாலானவை பின்பற்றும் தர்ஸே நிஜாமி என்னும் பாடத்திட்டம் இந்தத் தந்தையின் பெயரால் வழங்குவது. அவர் 1748இல் மறைந்தார்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆதிமுதல் வந்தது என்று நாம் எண்ணும் பாடத்திட்டத்துக்கும் உங்கள் கோட்டைக்குள் இருக்கும் சாதத்துல்லா கான் பள்ளிவாசலுக்கும் ஏறத்தாழ ஒரே வயது. அதுவும் அன்றைக்கு ஒரு புதுமைதான். தர்க்கமும் மெய்யியலும் அதில் மிகுதி. காரணம், அன்றைய அரசுக்கு நீதிபதிகளும் எழுத்து அலுவலர்களும் தேவைப்பட்டார்கள். அந்த வேலைக்குக் கூர்மையாக வாதிடத் தெரிந்த மூளை வேண்டியிருந்தது. பிறகு முகலாய அரசு போயிற்று, நவாபு அரசும் போயிற்று. 1866இல் தொடங்கிய தேவ்பந்த் மதரஸா ஹதீஸுக்கு, அதாவது நபிமொழிக்கு, முதலிடம் தந்து அதே திட்டத்தை மாற்றி அமைத்தது. அரசு போன காலத்தில் சமுதாயத்துக்கு அலுவலர்களைவிட வழிகாட்டிகள் தேவைப்பட்டார்கள். ஆகக் காலத்தின் தேவை பார்த்துப் பாடத்தை மாற்றியவர்கள் வெளியாட்கள் அல்லர், மதரஸாவின் மூத்தவர்களே.

இது உள்நாட்டு ஓட்டம். கடற்கரையில் இன்னோர் ஓட்டம் இருந்தது. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் முதலிய ஊர்களில் ஷாஃபி மத்ஹபு என்னும் சட்ட மரபே வழக்கம். அங்கே பொன்னானியின் ஜைனுத்தீன் மக்தூம் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய ஃபத்ஹுல் முயீன் சட்டநூல் ஓதப்பட்டது. இன்றும் உலகின் பல ஷாஃபி மதரஸாக்களில் அது பாடம். மலையாளக் கரையில் எழுதிய நூல் ஜாவா வரை போனது. அந்தக் கடற்கரை வழக்கத்தின் பெருமகன், இமாமுல் அரூஸ் என்று போற்றப்படும் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம். 1816இல் பிறந்து 1898இல் மறைந்தார். அவருடைய அரூஸிய்யா மதரஸாவின் பெயர் இலங்கை வரை பரவியது. அவர் அரபியிலும் எழுதினார், அரபுத்தமிழிலும் எழுதினார். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அந்த முறையில்தான் தொழுகைச் சட்டமும் வாணிபச் சட்டமும் நம் வீட்டுப் பெண்களிடம் போய்ச் சேர்ந்தன. பள்ளிக்கூடம் பார்க்காத பாட்டிமார் அரபுத்தமிழில் மாலைகளையும் சட்ட நூல்களையும் வாசித்தார்கள். அரபு எழுத்து ஓதத் தெரிந்தவருக்கு அதுவே படிப்பறிவாக இருந்தது.

அந்த ஆலிம் செய்தது என்ன? மூல மொழியின் ஆழத்தை விடவில்லை. ஆனால் கற்றதை ஊர் பேசும் மொழியில் இறக்கினார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த இரண்டு ஓட்டங்களும் வேலூரில் கூடின என்று சொல்லலாம். அங்கே ஹஸ்ரத் மகான் என்னும் சூஃபி இல்லத்தையொட்டி லத்தீபிய்யா வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அஃலா ஹஸ்ரத் என்று நாம் அழைக்கும் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் அவர்கள், மக்காவில் ஓதித் திரும்பி, சிலருக்கு வீட்டில் பாடம் சொல்லத் தொடங்கினார். அதுவே பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி ஆயிற்று. கேரளத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் பிள்ளைகள் அங்கே வந்து ஓதினார்கள். பெயருக்குப் பின்னால் பாகவி என்று போட்டுக்கொள்ளும் ஆலிம்களைத் தமிழ்நாட்டைப் போலவே மலபாரிலும் காணலாம். வீராணம் ஏரிக்கரைப் பக்கம் லால்பேட்டை மன்பவுல் அன்வார், சென்னைப் பெரம்பூரில் ஜமாலிய்யா, ஆம்பூருக்கு அருகே 1924இல் காகா முகம்மது உமர் நிறுவிய உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம், மாயவரம் பக்கத்து நீடூரில் மிஸ்பாஹுல் ஹுதா என்று பட்டியல் நீளும். மன்பஈ, ஜமாலி, உமரி, மிஸ்பாஹி என்று ஒவ்வொன்றின் பெயரும் அதில் ஓதியவரின் பெயரோடு ஆயுள் முழுக்க நடக்கிறது. வேறு எந்தக் கல்லூரி மாணவர் தம் கல்லூரியைப் பெயரிலேயே சுமக்கிறார்?

இப்போது அடையாளத்துக்கு வருகிறேன். இத்தனை மாற்றங்களுக்கு இடையே மாறாமல் வந்தவை எவை? நான் மூன்று என்பேன்.

முதலாவது, கிதாபை ஆள்முன் ஓதுவது. அரபுக் கல்லூரியின் நாளைப் பாருங்கள். சுப்ஹு என்னும் வைகறைத் தொழுகைக்கு முன் எழுகிறார்கள். தொழுகை, குர்ஆன், அதற்குப் பின் ஸபக், அதாவது அன்றைய பாடம். மாணவர் ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்கிறார். ஓர் எழுத்தின் உயிர்க்குறி தவறினாலும் உஸ்தாத் அங்கேயே நிறுத்துகிறார். ஏன் இந்த இடத்தில் ஸபர், ஏன் பேஷ் இல்லை என்று கேட்கிறார். இலக்கணம் சொல்ல வேண்டும், சட்டம் சொல்ல வேண்டும், உரைகாரர் ஏன் அப்படிச் சொன்னார் என்று சொல்ல வேண்டும். இரவில் தக்ரார்: நன்றாகப் பிடித்துக்கொண்ட மாணவர் மற்றவர்களுக்கு அதே பாடத்தைத் திரும்ப நடத்துவார். வியாழன் இரவு பேச்சுப் பயிற்சி, வெள்ளி விடுமுறை. இப்படி ஏழெட்டு ஆண்டுகள். கடைசி ஆண்டில் புகாரி முதலிய ஹதீஸ் நூல்கள். கையில் கிடைக்கும் ஸனது தேர்வு மதிப்பெண் தாள் மட்டுமல்ல. இன்னாரிடமிருந்து இன்னார், அவருக்கு இன்னார் என்று நூலாசிரியர் வரை போகும் தொடரில் நானும் ஒருவன் என்ற சாட்சி அது.

இரண்டாவது, ஊர்ச்சோறு. அரபுக் கல்லூரியில் ஓதுவதற்குப் பிள்ளையிடம் கட்டணம் கேட்பதில்லை என்பதே பொது வழக்கம். படிப்பும் சாப்பாடும் தங்குமிடமும் சமுதாயத்தின் செலவு. கேரளத்தின் பள்ளி தர்ஸுகளில் மாணவர் பள்ளிவாசலில் தங்கி, ஆளுக்கொரு வீட்டில் சாப்பிட்டார்கள். வட ஆற்காட்டில் தோல் வணிகம் செழித்தபோது வணிகர்கள் கொடுத்தார்கள். உமராபாத்தை நிறுவிய காகா உமர் தோல் வணிகர். ஜமாலிய்யாவை நிறுவிய ஜமால் முஹ்யித்தீனும் தோல் வணிகர்தான். இலங்கையில் 1931இல் மகரகமையில் கபூரிய்யாவை அமைத்த அப்துல் கபூர் இரத்தின வணிகர். 1973இல் பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யாவை அமைத்த நளீம் ஹாஜியாரும் அதே வணிகம். இவர்களைப் போன்ற பெரிய கைகளோடு, கைப்பிடி அரிசி கொடுத்த சின்னக் கைகளும் இருந்தன. ஊர் சோறு போட்டதால் ஊருக்கு உரிமை இருந்தது: எங்கள் ஜனாஸாவுக்கு வா, எங்கள் பிள்ளைக்கு ஓதிக்கொடு, எங்கள் வழக்கைத் தீர்த்து வை என்று கேட்கும் உரிமை.

மூன்றாவது, உடன் வாழ்வது. உஸ்தாத் மணி அடித்ததும் வண்டி ஏறிப் போகிறவர் அல்லர். கடன் கேட்டு வருகிறவரிடம் அவர் எப்படிப் பேசுகிறார், கோபம் வந்தால் என்ன செய்கிறார், இல்லாதபோது எப்படி இருக்கிறார் என்பதைப் பிள்ளை பார்க்கிறது. அதபு என்று நாம் சொல்லும் ஒழுக்கப் பண்பு பாடமாக நடப்பதைவிட இப்படிப் பார்வையில் நடப்பதுதான் அதிகம்.

நான் சொல்லும் இந்த மூன்றும் எனக்கு மட்டும் தோன்றியவை அல்ல. உலகிலேயே மிக அதிக முஸ்லிம்கள் வாழும் நாடுகளுள் ஒன்றான இந்தோனேசியாவில் நம் அரபுக் கல்லூரிக்கு இணையானது பெசாந்திரன். 1899இல் கிழக்கு ஜாவாவில் தெபுஇரெங் பெசாந்திரனை ஹாஷிம் அஷ்அரி தொடங்கினார். அவர் மகன் வாஹித் ஹாஷிம் 1930களிலேயே அங்கே பொதுப் பாடங்களைச் சேர்த்தார். 1926இல் தொடங்கிய கொந்தோர், அரபியும் ஆங்கிலமும் பேச்சு மொழியாகவே நடக்கும் இடமாக வளர்ந்தது. நல்ல பழையதைப் பேணுவது, அதைவிட நல்ல புதியதை ஏற்பது என்பது அங்குள்ள உலமாக்களின் கொள்கை. 2019இல் அந்நாட்டு நாடாளுமன்றம் பெசாந்திரன்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. எதை வைத்து ஒரு நிறுவனத்தைப் பெசாந்திரன் என்று ஏற்பது என்பதற்கு அச்சட்டம் ஐந்து அடையாளங்கள் சொல்கிறது: ஆசிரியரான கியாய், தங்கி ஓதும் மாணவர், தங்குமிடம், தொழுமிடம், மரபுக் கிதாபுகளை ஓதும் பாடம். இந்த ஐந்தும் இருந்தால் கணிதமும் சேரலாம், வேளாண்மையும் சேரலாம். இவற்றில் கிதாபோ கியாயோ போய்விட்டால், மற்றவை எவ்வளவு இருந்தாலும் அது விடுதியுள்ள பள்ளிக்கூடம், அவ்வளவே.

நம் பக்கமும் முயற்சி இல்லாமல் இல்லை. கேரளத்தில் செம்மாடு தாருல் ஹுதா 1986இல் தொடங்கியது. சிறுவயதிலேயே சேர்த்துக்கொண்டு கிதாபையும் பொதுக் கல்வியையும் ஒரே கூரையின் கீழ் நீண்ட பாடத்திட்டமாகக் கொடுக்கிறது. நளீமிய்யா மாணவர்கள் மார்க்கக் கல்வியோடு பல்கலைக்கழகப் பட்டமும் பெற்று வெளியே வருகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஃப்ஸலுல் உலமா பட்டம் நம் தாத்தாக்கள் காலத்திலேயே ஆலிம்களைப் பள்ளி ஆசிரியர்களாக ஆக்கியது. தமிழ் வித்துவான் பட்டத்துக்கு இணையாக அது இருந்தது. பாலம் கட்டுவது நமக்குப் புதிதல்ல. கட்டிய பாலங்களைப் பராமரிப்பதில்தான் குறை.

இனி, மாற வேண்டியவை என்று நான் கருதுவதைச் சொல்கிறேன். கடிந்து பேசுவதாக நினைக்காமல் கேளுங்கள்.

ஒன்று, நாட்காட்டி மோதல். மதரஸா ஆண்டு ஷவ்வாலில் தொடங்கி ஷஃபானில் முடிகிறது. ரமலானில், குர்ஆனை மனனம் செய்து ஹாஃபிழான பிள்ளைகள் தராவீஹ் என்னும் இரவுத் தொழுகையை நடத்த ஊர் ஊராகப் போகிறார்கள். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. ஆகவே மதரஸாவின் தொடக்கமும் விடுமுறையும் ஆண்டுதோறும் முன்னே நகரும். பள்ளிக்கல்வி ஆண்டோ ஜூனில் தொடங்கி மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வோடு முடியும். அண்மை ஆண்டுகளில் ரமலானும் பொதுத்தேர்வும் மார்ச் மாதத்தில் நேருக்கு நேர் வந்தன. பத்தாம் வகுப்புத் தேர்வை விடுவதா, தராவீஹை விடுவதா என்று ஒரு பிள்ளையைத் தவிக்கவிடுவது நியாயமா? தேசியத் திறந்தநிலைப் பள்ளி ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடத்துகிறது. ஏப்ரலில் தவறினால் அக்டோபரில் எழுதலாம். அரபுக் கல்லூரியில் ஓதும் ஒவ்வொரு பிள்ளையும் பத்தாவதும் பன்னிரண்டாவதும் முடித்துத்தான் ஸனது வாங்க வேண்டும் என்று ஒவ்வொரு நிர்வாகமும் விதி வைக்கட்டும். பல நிறுவனங்கள் ஏற்கெனவே செய்கின்றன. எல்லோரும் செய்ய வேண்டும்.

இரண்டு, தமிழ். செஞ்சி, ஆரணி, ஆற்காடு வட்டாரத்தில் வீட்டில் உருது பேசுகிறவர்கள் உண்டு. தமிழ் பேசுகிறவர்கள் உண்டு. பள்ளிவாசல் மேடையான மிம்பரில் பேசுகிறவருக்கு இரண்டும் தெரிய வேண்டும். வேலூரில் உருது வழியாகக் கிதாபு ஓதியவர்களில் ஒருவர்தான் காரைக்கால் ஆ.கா. அப்துல் ஹமீத் பாகவி. குர்ஆனுக்கு அவர் செய்த தமிழ் மொழிபெயர்ப்பின் முதல் பகுதி 1929இல் வெளிவந்தது. முழு மொழிபெயர்ப்புக்கும் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். இன்றும் தமிழ் முஸ்லிம் வீடுகளில் அது இருக்கிறது. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் செய்த வேலையை அவர் அச்சுக் காலத்தில் செய்தார். அப்படி ஒருவரை இன்றைய வகுப்பறை உருவாக்குமா? ஏழாண்டு ஓதிய மாணவர் ஒரு பக்கம் தமிழில் பிழையின்றி எழுத முடியாவிட்டால், அவர் கற்ற ஆழம் ஊருக்கு எப்படிப் போய்ச் சேரும்? அரபுத்தமிழ்ச் சுவடிகளை வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்று மிகக் குறைவு. தமிழ்நாட்டில் ஒவ்வோர் அரபுக் கல்லூரியும் மாணவருக்கு அரபுத்தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுத்தால், ஒரு தலைமுறையில் அந்த எழுத்து மீளும். அதற்குப் பணம் வேண்டாம். வாரம் ஒரு மணி நேரம் போதும்.

மூன்று, பிரம்பு. இதைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. பிள்ளையை அடித்து ஓதவைப்பதை மரபு என்று சிலர் சொல்கிறார்கள். நம் மரபின் பெரிய அறிஞர்களில் ஒருவர் இப்னு கல்தூன், 1406இல் மறைந்தவர். மாணவரிடம் கடுமை காட்டுவது அவர்களைக் கெடுக்கும், பொய்யும் வஞ்சகமும் பழக்கும் என்று தம் முகத்திமா என்னும் நூலில் தனியாகவே ஓர் அத்தியாயம் எழுதினார். ஆகப் பிரம்பை எதிர்ப்பது மேற்கத்தியப் பேச்சல்ல. பெற்றோரை விட்டுத் தங்கும் சிறுவர் இருக்கும் இடத்தில் விடுதிப் பதிவு, பார்வையாளர் முறை, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கும் உரிமை, புகார் சொல்ல வெளியாள் ஒருவர், சுத்தமான கழிவறை, மருத்துவர் வருகை ஆகியவை வேண்டும். சிறுவர், மகளிர் விடுதிகளை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2014இல் சட்டமே வந்திருக்கிறது. அதைத் தொல்லையாகப் பார்க்காமல் நம் பிள்ளைக்கான காவலாகப் பாருங்கள்.

நான்கு, உஸ்தாதின் ஊதியம். கிதாபைக் காக்கிறவரைக் காக்காமல் கிதாபைக் காக்க முடியாது. பள்ளிவாசல் மினாராவுக்கு வசூல் உடனே சேர்கிறது. ஹஸ்ரத் சம்பளத்துக்கு வசூல் இழுத்துக்கொண்டே போகிறது. ஊர்ச்சோற்றின் ஒரு கண்ணியும் அறுந்துவிட்டது. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானித் தோலை மதரஸாவுக்குக் கொடுப்பது வழக்கம். பத்தாண்டுக்கு மேலாகத் தோல் விலை விழுந்துபோய், அந்த வருமானம் பல மதரஸாக்களுக்குக் கிட்டத்தட்ட இல்லாமலே ஆகிவிட்டது. அதை ஈடுகட்ட என்ன செய்தோம்? வக்ஃபு நிலமும் கடையும் உள்ள ஜமாஅத்துகள், வாடகையில் ஒரு பங்கைக் கல்விக்கென எழுத்தில் ஒதுக்கி, கணக்கை வெள்ளிக்கிழமை தோறும் பலகையில் ஒட்டலாம். கணக்கு தெரிந்தால் கை நீளும்.

ஐந்து, பெண்பிள்ளைகள். நிஸ்வான் மதரஸாக்கள் ஊர்தோறும் பெருகியிருக்கின்றன. நல்லது. ஆனால் ஆண்பிள்ளைக்கு ஏழாண்டு, பெண்பிள்ளைக்கு மூன்றாண்டு என்ற அளவுகோல் எங்கிருந்து வந்தது? நபிகளாரின் துணைவியார் ஆயிஷா நாயகியிடம் ஹதீஸ் கேட்டவர்கள் நபித்தோழர்கள். அந்த வரலாற்றை மேடையில் பேசிவிட்டு, ஆலிமாவுக்குச் சுருக்கப் பாடம் நடத்துவது பொருந்தாது.

அரசையும் சட்டத்தையும் பற்றி இரண்டு சொற்கள். நம் அரசியல் சட்டத்தின் 30ஆம் கூறு சிறுபான்மையினர் தம் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. கல்வி உரிமைச் சட்டத்திலிருந்து மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் 2012 திருத்தம் விலக்களித்தது. 2024 நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேச மதரஸாச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. உயர்கல்விப் பட்டம் வழங்கும் பகுதியை மட்டும் செல்லாது என்றது. தரத்தை ஒழுங்குபடுத்த அரசுக்கு உரிமை உண்டு என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. தமிழ்நாட்டு அரபுக் கல்லூரிகள் பெரும்பாலும் அரசு உதவியின்றி, தம் காலில் நிற்பவை. அந்தத் தன்னாட்சி பெருமைக்குரியது. யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்ற தைரியமாக அது மாறிவிடக்கூடாது. அரசு வந்து கேட்கும் முன் நாமே நம்மைக் கேட்டுக்கொள்வதுதான் தன்னாட்சியின் பொருள்.

மதரஸா என்றாலே முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் படிக்கிறார்கள் என்று ஒரு பேச்சு நாட்டில் உண்டு. 2006இல் வந்த சச்சார் குழு அறிக்கை, பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் சுமார் 3 விழுக்காட்டினரே மதரஸாவுக்குப் போகிறார்கள் என்று சொன்னது. மற்றவர்கள் பிற சமயப் பிள்ளைகள் படிக்கும் அதே பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். காலையிலும் மாலையிலும் மக்தபுக்கு ஓதப் போவது வேறு. முழுநேரம் தங்கி ஓதுவது வேறு. இந்த வேறுபாட்டை நம் பிற சமய நண்பர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த 3 விழுக்காடு நமக்கும் ஒன்று சொல்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பொறியியலுக்குப் போகிறது. வழியில்லாத வீட்டுப் பிள்ளை மதரஸாவுக்கு வருகிறது. சோற்றுக்கும் இடத்துக்கும் வழியில்லை என்ற ஒரே காரணத்தால் பிள்ளைகள் வரும் இடமாக அரபுக் கல்லூரி சுருங்கினால், அதன் மரபு தானாகவே கரையும். வாலாஜா காலத்தில் அறிவில் முதல் வரிசையில் இருந்தவர்கள் ஓதினார்கள். இன்று நம் வீட்டில் கூர்மையான பிள்ளையை ஓதவைக்கத் தயங்குகிறோம். ஆனால் பெரிய ஆலிம் இல்லையே என்று குறைப்படுகிறோம். இதற்கு எதிர்ப்பக்கம் இன்னோர் அபாயமும் இருக்கிறது. குளிர்சாதன வகுப்பறை, பெரிய கட்டணம், பெயரில் மட்டும் இஸ்லாம் என்று நடக்கும் விடுதிப் பள்ளிகளும் மதரஸாவின் வாரிசாகத் தம்மைச் சொல்லிக்கொள்கின்றன. அங்கே கணினி இருக்கும், ஆங்கிலம் இருக்கும். ஊர்ச்சோறு இருக்காது, ஆள்முன் ஓதும் கிதாபு இருக்காது. ஏழைப் பிள்ளைக்கு வாசல் இருக்காது.

ஓதுகிறவர் தொகை சிறிது என்று அஞ்ச வேண்டாம். செஞ்சிக்கு அருகே மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இருக்கிறது. தொகையில் சிறிய சமுதாயம். ஆனால் தம் நூல்களையும் வழிபாட்டையும் விடாமல் வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கை ஒரு மரபைக் காப்பதில்லை, கற்கிறவர்களின் தொடர்ச்சிதான் காக்கிறது என்பதற்கு நெடுந்தூரம் போக வேண்டாம், அங்கே போய்ப் பார்த்தால் போதும்.

முடிவாக நான் சொல்வது இதுதான். பாடப் பட்டியலை மாற்ற அஞ்சாதீர்கள். முல்லா நிஜாமுத்தீனும் அஞ்சவில்லை. கணிதம், அறிவியல், ஆங்கிலம், நல்ல தமிழ், கணினி எல்லாம் வரட்டும். ஆனால் கிதாபை உஸ்தாதின் முன் வரிவரியாக ஓதும் முறையையும், பிள்ளையிடம் காசு கேட்காத ஊர்ச்சோற்றையும், ஆசிரியரும் மாணவரும் ஒரே கூரையில் வாழும் வாழ்க்கையையும் எந்தப் புதுமைக்காகவும் விற்றுவிடாதீர்கள்.

முத்தவல்லிமார்களே, இந்த ஷவ்வாலுக்குள் உங்கள் ஊர் மதரஸாவின் உஸ்தாத் சம்பளத்தை உயர்த்துங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளில் நன்றாகப் படிக்கிறவர் ஓத ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். ஓதப் போன பிள்ளையைப் பன்னிரண்டாவது எழுதவையுங்கள். ஹஸ்ரத்மார்களே, தமிழ் நூல் ஒன்றையும் அரபுத்தமிழ் நூல் ஒன்றையும் பாடத்தில் சேருங்கள். ஓதும் பிள்ளைகளே, நீங்கள் வாங்கப்போகும் ஸனதில் உங்கள் பெயருக்கு முன்னால் பல நூற்றாண்டுப் பெயர்கள் இருக்கின்றன. உங்களுக்குப் பின்னாலும் ஒரு பெயர் வர வேண்டும். அதற்குத் தகுதியான ஒரு மாணவரையாவது உருவாக்கிவிட்டுப் போங்கள்.